வசதி யாருடைய உழைப்பு? பூட்டிக் ஹோட்டல் மதிப்புரைகளை முன்வைத்து

இந்தியாவின் பூட்டிக் ஹோட்டல்களைப் பற்றி விருந்தினர்கள் இணையத்தில் எழுதும் மதிப்புரைகளைத் தொடர்ந்து படிப்பவருக்கு, அவற்றில் ஓர் ஒழுங்கு இருப்பது விரைவிலேயே புலப்படும். முதலில் கட்டடம் வருகிறது: முற்றம், மரத்தூண், பழைய தரைஓடு, மொட்டைமாடியிலிருந்து தெரியும் ஏரி அல்லது கடல். அடுத்து அறை: மெத்தை, குளியலறை, வெந்நீர், இரவின் அமைதி. அதன்பின் காலை உணவு. இறுதியாக ஒரு மனிதர், பெரும்பாலும் முதற்பெயரால் மட்டும் சுட்டப்படுபவர். அவர் புன்னகை மாறாதவர். கேட்பதற்கு முன்பே கொண்டுவந்து தருபவர். வீட்டில் இருப்பதுபோன்ற உணர்வை ஏற்படுத்தியவர். ஐந்து நட்சத்திரங்களுடன் மதிப்புரை நிறைவடைகிறது.

பெரிய சங்கிலித்தொடர் ஹோட்டல்களைப் பற்றிய மதிப்புரைகளில் நீச்சல்குளமும் உணவுப் பட்டியலும் அதிகம் பேசப்படுகின்றன. சிறு விடுதிகளைப் பற்றியவற்றில் மனிதர்கள் அதிகம் பேசப்படுகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது மகிழ்ச்சிக்குரியது. உழைப்பவரின் பெயர் பொதுவெளியில் நன்றியுடன் சொல்லப்படும் தொழில்கள் இந்நாட்டில் மிகச் சில. ஆயினும், அந்தப் பெயர் அங்கே எப்படி வந்தது, அதனால் யாருக்கு என்ன கிடைக்கிறது, பெயரோடு சேர்ந்து வராமல் விடுபடுவது எது என்ற கேள்விகளைச் சமூக அறிவியலும் சுற்றுலாத் துறை ஆய்வுகளும் இன்னும் போதிய அளவில் எழுப்பவில்லை. விருந்தினரின் அனுபவம் என்று பதிவாவது உண்மையில் இருவர் சேர்ந்து உருவாக்கிய ஒன்று. அவர்களில் ஒருவர் மட்டுமே எழுதுகிறார்.

‘வீடு’ என்னும் விற்பனைப் பொருள்

பூட்டிக் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் கடை என்றே பொருள். சிறிய, தனித்த ரசனையுடைய விடுதி என்ற கருத்து 1978-இல் லண்டனில் அனூஷ்கா ஹெம்பல் தொடங்கிய பிளேக்ஸ், 1981-இல் சான் பிரான்சிஸ்கோவில் பில் கிம்டன் தொடங்கிய பெட்ஃபோர்ட், 1984-இல் நியூயார்க்கில் இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெலும் தொடங்கிய மார்கன்ஸ் ஆகிய விடுதிகளின் வழியே நிலைபெற்றது. உலகம் முழுவதும் ஒரே அச்சில் வார்த்த அறைகளைத் தந்த பெருநிறுவனங்களின் மீது ஏற்பட்ட சலிப்பே இதற்கு வாய்ப்பளித்தது.

இந்தியாவில் இக்கருத்து வேறொரு மரபோடு வந்து கலந்தது. ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957-இலும், உதய்ப்பூரின் ஏரி நடுவே உள்ள ஜக் நிவாஸ் 1963-இலும் ஹோட்டல்களாயின. 1971-இல் அரசியலமைப்பின் 26-ஆவது திருத்தம் முன்னாள் மன்னர்களுக்கான மானியத்தை நீக்கியபின் இந்தப் போக்கு விரைவுபெற்றது. ராஜஸ்தானில் பாழடைந்து கிடந்த நீம்ரானா கோட்டை 1986-இல் வாங்கப்பட்டு, சீரமைக்கப்பட்டு, 1991-இல் விடுதியாகத் திறக்கப்பட்டது, அரச குடும்பம் சாராத தொழில்முனைவோரும் பழங்கட்டடத்தை விடுதியாக்க முடியும் என்பதற்கு முன்னுதாரணமாயிற்று. 1950-க்கு முன் கட்டப்பட்ட அரண்மனை, கோட்டை, ஹவேலி, வேட்டை மாளிகை, குடியிருப்பு ஆகியவற்றில் இயங்கும் விடுதிகளைச் சுற்றுலா அமைச்சகம் பாரம்பரிய ஹோட்டல் என்ற தனி வகையாக அங்கீகரிக்கிறது. குறைந்தது ஐந்து அறைகள் இருந்தாலே போதும். புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியிலும், ஃபோர்ட் கொச்சியின் வணிகர் மாளிகைகளிலும், உதய்ப்பூர், ஜோத்பூர் ஹவேலிகளிலும் இன்று இயங்கும் சிறு விடுதிகள் பலவும் இவ்வழியில் வந்தவை.

இக்கட்டடங்களுக்குப் பொதுவான ஒரு வரலாறு உண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஒருகாலத்தில் வீடுகள். அதுவும் வேலைக்காரர்கள் இல்லாமல் ஒருநாளும் இயங்கியிராத வீடுகள். பின்புறப் படிக்கட்டு, தனி வாசல், சமையற்கட்டை ஒட்டிய சிறு அறை என வேலைக்காரர்களை அருகிலேயே வைத்துக்கொண்டு, கண்ணில் படாமலும் வைத்திருப்பதற்கான ஏற்பாடு கட்டட அமைப்பிலேயே உள்ளது. ரகா ரே, சீமீன் கய்யூம் ஆகியோர் கொல்கத்தாவின் வீட்டுப் பணியாளர்களைக் குறித்து 2009-இல் வெளியிட்ட நூல், இந்திய நடுத்தர வர்க்க வீடு என்பதே பணிவிடைப் பண்பாட்டின் மீது எழுப்பப்பட்டது என்பதை விரிவாகக் காட்டியது. அந்த வாதத்தை விடுதிக்கும் நீட்டிக்கலாம். வீட்டைப்போல் உணர்ந்தோம் என்று விருந்தினர் எழுதும்போது எந்த வீடு அவர் மனத்தில் இருக்கிறது? தம் தட்டைத் தாமே கழுவும் வீடு நிச்சயமாக இல்லை. கேட்காமலே தேநீர் வரும் வீடு அது. தேநீர் கொண்டுவந்தவர் உட்காராத வீடு.

வசதி உருவாகும் விதம்

வசதி என்பது பொருள்களின் பண்பாக மதிப்புரைகளில் தோன்றுகிறது: மெத்தை மென்மையானது, அறை தூய்மையானது, விடுதி அமைதியானது. ஆனால் இவை ஒவ்வொன்றும் குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட ஒருவர் செய்துமுடித்த வேலை. விருந்தினர் காலை பதினொரு மணிக்கோ பன்னிரண்டு மணிக்கோ அறையைக் காலிசெய்கிறார். அடுத்தவர் பிற்பகல் இரண்டு மணிக்கு வருகிறார். அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் படுக்கைவிரிப்பு மாற்றப்பட்டு, குளியலறை துடைக்கப்பட்டு, முந்தையவர் அங்கே தங்கியதற்கான தடயம் எதுவும் இல்லாமல் அழிக்கப்பட வேண்டும். விடுமுறை நாள்களில் எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் காலியாகி ஒரே நேரத்தில் நிரம்பும். அறைப் பராமரிப்பாளரின் திறமை, தாம் வந்துபோனதே தெரியாமல் செய்வதில் இருக்கிறது. வேலை எவ்வளவு நன்றாக நடந்ததோ அவ்வளவுக்கு அதைச் செய்தவர் மறைந்துபோகிறார். மதிப்புரைகளில் பெயர் பெறுபவர்கள் பெரும்பாலும் உணவு பரிமாறுபவரும் வரவேற்பில் இருப்பவரும்தான். கழிப்பறையைத் துலக்கியவரின் பெயரும், துணி வெளுத்தவரின் பெயரும், பாத்திரம் தேய்த்தவரின் பெயரும் அரிதாகவே இடம்பெறுகின்றன. நன்றியிலும் ஒரு படிநிலை இருக்கிறது. அது சாதிப் படிநிலையோடும் பால் படிநிலையோடும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது ஆய்வுக்குரியது.

சிறு விடுதியின் கணக்கு பெரிய விடுதியினுடையதிலிருந்து வேறானது. முந்நூறு அறைகள் கொண்ட ஹோட்டலில் வரவேற்பு, அறைப் பராமரிப்பு, உணவு, பழுதுபார்ப்பு, பாதுகாப்பு எனத் துறைகள் தனித்தனியே இருக்கும். பன்னிரண்டு அறைகள் கொண்ட விடுதிக்கு அது கட்டுப்படியாகாது. பெட்டியைத் தூக்கியவரே காலையில் தோசை பரிமாறுவார், வாடகைக் காருக்குப் பேசுவார், இரவு பதினொன்றுக்கு வெந்நீர் வரவில்லை என்றால் ஹீட்டரையும் பார்ப்பார். ஒரே முகத்தைக் காலையிலும் இரவிலும் பார்க்கும் விருந்தினர் அதைத் தனிப்பட்ட கவனிப்பு என்று உணர்கிறார். அந்த உணர்வு பொய்யன்று. ஆனால் ஒரே முகம் காலையிலும் இரவிலும் தென்படுவதற்கு அந்த மனிதரின் வேலைநேரம் நீண்டிருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். காலைச் சிற்றுண்டிக்கு ஒரு பணிநேரம், இரவு உணவுக்கு ஒரு பணிநேரம், நடுவே ஊதியமற்ற சில மணி நேரம் என்று நாளை இரண்டாகப் பிளக்கும் முறை இத்தொழிலில் நன்கு அறியப்பட்ட ஒன்று. அந்த இடைவேளையில் தொலைவில் உள்ள வீட்டுக்குப் போய்வர முடியாது. விடுதியின் பின்கட்டிலேயே கழிக்க வேண்டியதுதான்.

பழங்கட்டடத்தின் அழகுக்கும் உழைப்புக் கணக்கு உண்டு. குறுகிய சுழற்படிகளையும் உயரமான கல் வாசற்படிகளையும் விருந்தினர் படமெடுக்கிறார். பழைமை கெடாதிருக்க மின்தூக்கி அமைக்கப்படாத இடங்களில், அதே படிகளில் இருபது கிலோ பெட்டி ஒருவர் தோளில் ஏறுகிறது.

நிற்பது என்ற ஒன்றையும் இங்கே கருதலாம். விருந்தினர் முன் உட்காராதிருப்பது சேவையின் இலக்கணமாகவே கற்பிக்கப்படுகிறது. கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் பணியாற்றுவோர் உட்காரும் வசதியைக் கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத்திருத்தத்தின் வழியே உறுதிசெய்தன. துணிக்கடைப் பெண் தொழிலாளர்களின் போராட்டமே இதற்குப் பின்னணி. அந்தச் சட்டங்கள் எழுப்பிய எளிய கேள்வியை விடுதிகளின் முன்கூடங்களிலும் கேட்கலாம்: வேலையே இல்லாத நேரத்திலும் ஒருவர் நின்றுகொண்டிருப்பதால் விருந்தினருக்கு விளையும் நன்மை என்ன? நன்மை எதுவும் இல்லை. மரியாதை என்ற காட்சி மட்டுமே உண்டு. அந்தக் காட்சியும் அறை வாடகையின் ஒரு பகுதி.

நட்சத்திரத்தின் எண்கணிதம்

மதிப்புரைகள் வெறும் கருத்துகளாக மட்டும் எஞ்சுவதில்லை. அவை சராசரியாக்கப்பட்டு, தேடுபொறியிலும் முன்பதிவுத் தளத்திலும் விடுதியின் இடத்தைத் தீர்மானிக்கின்றன. இங்கே சிறு விடுதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2000 மதிப்புரைகளும் 4.8 என்ற சராசரியும் உள்ள பெரிய ஹோட்டலுக்கு ஒருவர் ஒற்றை நட்சத்திரம் அளித்தால், சராசரி 4.798 ஆகும், திரையில் 4.8 என்றே தெரியும். 40 மதிப்புரைகளும் அதே சராசரியும் உள்ள சிறு விடுதிக்கு அதே ஒற்றை நட்சத்திரம் கிடைத்தால், சராசரி ஏறத்தாழ 4.71 ஆக இறங்கும், திரையில் 4.7 என்று தெரியும். அதை மீண்டும் 4.8-க்கு உயர்த்த, தொடர்ந்து பத்தொன்பது பேர் முழுமையாக ஐந்து நட்சத்திரம் அளிக்க வேண்டும். ஒரு விருந்தினரின் ஒருநாள் எரிச்சலைத் துடைக்கப் பத்தொன்பது விருந்தினரின் நிறைவு தேவைப்படுகிறது.

இந்த எண்கணிதம் உரிமையாளரின் அச்சமாகிறது. உரிமையாளரின் அச்சம் பணியாளரின் ஒழுங்குமுறையாகிறது. மழையால் மின்சாரம் போனது, விமானம் தாமதமானது, தெருவில் திருவிழா ஒலிபெருக்கி முழங்கியது ஆகிய எதற்கும் பணியாளர் பொறுப்பல்லர். ஆயினும் விருந்தினரின் முகச்சுளிப்பு நட்சத்திரக் குறைவாக மாறுமுன் அதைத் தடுக்கும் பொறுப்பு அவருடையதாகிறது. மேற்பார்வையாளர் ஒருவர் அருகில் நிற்கத் தேவையில்லை. ஒவ்வொரு விருந்தினரும் கூலி பெறாத மேற்பார்வையாளர்.

பெயர்கள் இடம்பெறும் மர்மமும் இங்கேதான் அவிழ்கிறது. மதிப்புரையில் யாருடைய பெயர் எத்தனை முறை வருகிறது என்பதைப் பணியாளர் மதிப்பீட்டுக்கும் ஊக்கத்தொகைக்கும் அடிப்படையாகக் கொள்வது விருந்தோம்பல் தொழிலில் பரவலான வழக்கம். ஆகவே, விடைபெறும் நேரத்தில் பணியாளர் தயக்கத்துடன், முடிந்தால் தம் பெயரையும் குறிப்பிடுமாறு கேட்கிறார். விருந்தினர் எழுதுகிறார். படிப்பவர் அதைத் தன்னியல்பான நெகிழ்ச்சி என்று கொள்கிறார். மதிப்புரைகளைப் பல்லாயிரக்கணக்கில் திரட்டிக் கணினிவழி உணர்வுப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வாளர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அவர்கள் விருந்தினரின் உணர்வு என்று எண்ணி அளப்பதில் ஒரு பகுதி, பணியாளர் தம் வேலையைக் காத்துக்கொள்ள முன்வைத்த வேண்டுகோளின் எதிரொலி. தரவு பொய் என்பதன்று இதன் பொருள்; அது எதைப் பற்றிய தரவு என்பதே மாறிவிடுகிறது.

அளவுகோலும் அதன் குருட்டுப்புள்ளியும்

வணிக மேலாண்மைத் துறைகளிலும் சுற்றுலாத் துறைகளிலும் சேவைத் தரம் பற்றிய ஆய்வேடுகளுக்கு அடித்தளமாக இருப்பது, பரசுராமன், செய்தமல், பெர்ரி ஆகிய மூவர் 1985-இல் கருத்தாகவும் 1988-இல் அளவுகோலாகவும் முன்வைத்த சர்வ்குவால். 22 கூற்றுகள், ஐந்து பரிமாணங்கள்: புலப்படும் வசதிகள், நம்பகத்தன்மை, உடனடித் துலங்கல், உறுதியளித்தல், பரிவு. எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் இடைப்பட்ட தொலைவே தரத்தின் அளவு என்பது அதன் சாரம். இந்த அளவுகோலை ஏதேனும் ஒரு நகரத்தின் ஹோட்டல்களில் பொருத்தி, விருந்தினர் சிலரிடம் வினாநிரல் கொடுத்து, காரணிப் பகுப்பாய்வு செய்து முடிவுரை எழுதும் ஆய்வேடுகளுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களில் பஞ்சமில்லை.

அளவுகோலைக் குறைகூறத் தேவையில்லை. அது அளக்க வந்ததை அளக்கிறது. அதன் ஐந்தாவது பரிமாணத்தை மட்டும் கூர்ந்து நோக்கினால் போதும். பரிவு அளக்கப்படுவது ஒரு திசையில்தான். பணியாளர் விருந்தினரிடம் காட்டிய பரிவுக்கு எண் உண்டு. விருந்தினர் பணியாளரிடம் நடந்துகொண்ட விதத்துக்கும், நிறுவனம் பணியாளரை நடத்திய விதத்துக்கும் கட்டமே இல்லை. எதிர்பார்ப்பு எப்போதும் நியாயமானது என்ற முன்முடிவும் அளவுகோலுக்குள் அமர்ந்திருக்கிறது. நள்ளிரவில் மூன்று வகை உணவு வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாவிட்டால், குறை சேவையினுடையதாகப் பதிவாகும்.

இதற்கு மாற்றான மரபும் பழையதே. ஆர்லி ஹாக்சைல்டு 1983-இல் எழுதிய நூல், டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களை ஆராய்ந்து, புன்னகையும் அமைதியும் ஊதியத்துக்காக உற்பத்தி செய்யப்படுவதை உணர்வுழைப்பு என்று பெயரிட்டது. ரேச்சல் ஷெர்மன் 2007-இல் வெளியிட்ட நூல், அமெரிக்காவின் இரு உயர்தர ஹோட்டல்களுக்குள் பணியாற்றியபடியே செய்த ஆய்வு. வர்க்க ஏற்றத்தாழ்வு அங்கே வெளிப்படையாக இருந்தும் ஏன் உறுத்துவதில்லை என்பதே அவருடைய கேள்வி. பணியாளர்கள் வேலையை ஒரு விளையாட்டாகவும் திறனாகவும் மாற்றிக்கொள்கிறார்கள். விருந்தினர்கள் அன்பளிப்பாலும் இன்சொல்லாலும் கணக்கு நேர்செய்யப்பட்டதாகக் கருதுகிறார்கள் என்பது அவர் கண்டடைந்த விடைகளுள் ஒன்று. இந்தியச் சூழலில் ஐந்து நட்சத்திர மதிப்புரை அந்த நேர்செய்தலின் மிக மலிவான வடிவமாகியிருக்கிறது. எழுதுபவருக்குச் செலவு ஏதுமில்லை. கடன் தீர்ந்த நிறைவு மட்டும் கிடைக்கிறது.

இல்லறத்தானுக்குச் சொன்னதும் ஊழியருக்குச் சொல்வதும்

இந்த ஏற்பாட்டுக்குப் பண்பாட்டின் ஆசியும் கிடைத்திருக்கிறது. சுற்றுலா அமைச்சகம் 2005-இல் தொடங்கிய ‘அதிதி தேவோ பவ’ இயக்கம், விருந்தினரைத் தெய்வமாகக் கருதும் நாடு என்ற அடையாளத்தைப் பரப்பியது. வாடகைக் கார் ஓட்டுநர், வழிகாட்டி, கடைக்காரர், ஹோட்டல் ஊழியர் ஆகியோரிடம் நன்னடத்தையை வளர்ப்பதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம்.

அத்தொடர் எடுக்கப்பட்ட இடம் தைத்திரீய உபநிடதத்தின் சீட்சாவல்லி. கல்வியை முடித்துப் புறப்படும் மாணவருக்கு ஆசிரியர் கூறும் அறிவுரை அது. பல இந்தியப் பல்கலைக்கழகங்களின் பட்டமளிப்பு விழாக்களில் இன்றும் அப்பகுதி ஓதப்படுவதைக் கல்வியுலகினர் அறிவர். அந்த மாணவர் இல்லறம் நோக்கிச் செல்பவர். சொந்தமாக ஒரு வீட்டையும் அடுப்பையும் நடத்தப்போகிறவர். திருக்குறளிலும் விருந்தோம்பல் அதிகாரம் இல்லறவியலில்தான் வைக்கப்பட்டுள்ளது. இரு மரபுகளிலும் கட்டளை வீட்டுக்குரியவரை நோக்கியது. தன்னிடம் உள்ளதைப் பகிர்பவருக்கு விதிக்கப்பட்ட அறம் அது.

விளம்பர இயக்கம் அந்த அறத்தின் முகவரியை மாற்றிவிட்டது. வீடு யாருடையதோ அவரிடமிருந்து, வீட்டில் கூலிக்கு வேலை செய்பவரிடம் கட்டளை இறங்கியிருக்கிறது. விருந்தினரைத் தெய்வமாகப் பேண வேண்டியவர் ஊழியர். தெய்வத்திடம் வாடகை பெறுபவர் உரிமையாளர். ஊழியருக்கு அந்த வீட்டில் பகிர்வதற்குச் சொந்தமாக எதுவும் இல்லை, தம் பொறுமையைத் தவிர. தழீஇய விருந்து என்று பழைய தமிழ் பேசும் உறவு இருவருக்கு இடையிலானது. விடுதியில் அது மூவருக்கு இடையிலானது. அந்த மூன்றாமவர் மதிப்புரைகளில் தோன்றுவதே இல்லை.

பிரெஞ்சு மெய்யியலாளர் ழாக் தெரிதா விருந்தோம்பலைப் பற்றிப் பேசும்போது, விருந்தளிப்பவர் வீட்டின் தலைவராக இருந்தால்தான் விருந்தளிக்க முடியும் என்ற முரணைத் திரும்பத் திரும்பச் சுட்டினார். நிபந்தனையற்ற வரவேற்பு என்ற இலட்சியமும், வாசலைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் என்ற நடைமுறையும் ஒன்றையொன்று இடைமறிப்பவை. வாசலைத் திறக்கும் ஊழியருக்கு வாசலை மூடும் அதிகாரம் இல்லை. தகாத சொல்லைப் பேசும் விருந்தினரை, தகாத முறையில் நெருங்கும் விருந்தினரை, வெளியே போகச் சொல்லும் உரிமை அவருக்கு இல்லாதவரை, அவர் செய்வதை விருந்தோம்பல் என்று அழைப்பது சொல்லின் பொருளைச் சிதைப்பதாகும். அது பணி, நல்ல பணி, திறன் மிக்க பணி. அதற்குரிய பெயரும் விலையும் அதற்குக் கிடைக்க வேண்டும்.

நுகர்வோர் நீதியின் எல்லை

இவ்வளவும் சொல்வதால் விருந்தினரின் குறைகள் அற்பமானவை என்றாகாது. படத்தில் கண்ட அறை வேறு, கிடைத்த அறை வேறு என்பது ஏமாற்று. தூய்மையற்ற குளியலறைக்கு எந்தச் சமூகவியல் விளக்கமும் சமாதானமாகாது. உழைத்துச் சேர்த்த பணத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பயணம் செய்யும் குடும்பத்துக்கு, முன்னே சென்றவரின் நேர்மையான மதிப்புரை பெரிய துணை. போலி மதிப்புரைகளைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டதும் தேவையான செயலே.

ஆனால் நுகர்வோர் நீதி ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. சேவைக் கட்டணம் பற்றிய வழக்கு அதற்குத் தெளிவான சான்று. ஹோட்டல்களும் உணவகங்களும் ரசீதில் தாமாகவே சேவைக் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர்நீதிமன்றம் வழிகாட்டுதலை உறுதிசெய்தது. நுகர்வோர் கோணத்தில் தீர்ப்பு சரியானது. விருப்பமில்லாமல் பெறப்படுவது அன்பளிப்பாகாது. கவனிக்க வேண்டியது, அந்த விவாதத்தில் பணியாளர் இடம்பெற்ற விதம். கட்டணம் பணியாளர் நலனுக்கே என்று ஒரு தரப்பு வாதிட்டது. பணியாளருக்கு நியாயமான ஊதியம் தருவது முதலாளியின் கடமை, அதை விருந்தினர் மீது ஏற்றக் கூடாது என்பது மறுதரப்பின் நியாயம். இரு தரப்பும் பணியாளரைச் சுட்டிக்காட்டின. தீர்ப்புக்குப்பின் அவருடைய மாத வருமானம் கூடியதா குறைந்ததா என்பது பொதுவிவாதத்தின் பொருளாகவே ஆகவில்லை.

மற்றொரு மறுப்பையும் நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டும். சிறு விடுதிகளில் பணியாற்றுவோர் பலர் தம் வேலையில் பெருமை கொள்கிறார்கள். ஒரு முதியவர் எந்த நாற்காலியில் எளிதாக அமர்வார் என்று பார்த்தவுடன் உணர்வதும், குழந்தை உண்ணும் வகையில் காரம் குறைத்து வருவதும் கற்றுத் தேர்ந்த கலைகள். அவர்களின் புன்னகை முழுவதும் வேடம் என்று சொல்வது, அவர்களின் அறிவையும் அன்பையும் ஒருசேர மறுப்பதாகும். ஆனால் பெருமை ஊதியத்துக்கு மாற்றாகாது. ஆசிரியர் தம் வகுப்பை நேசிக்கிறார் என்பதால் அவருக்கு ஒப்பந்த ஊதியம் போதும் என்று யாரேனும் வாதிட்டால், அதைக் கல்வியுலகம் ஏற்குமா? தற்காலிக விரிவுரையாளர்களின் நிலையை அறிந்த வளாகங்களுக்கு இந்த ஒப்புமை விளக்கமின்றியே புரியும். ஆண்டிறுதியில் மாணவர்கள் நிரப்பும் ஆசிரியர் மதிப்பீட்டுப் படிவமும் இதே எண்கணிதத்தில்தான் இயங்குகிறது.

செய்யத்தக்கவை

ஆய்வாளர்கள் செய்யத்தக்க பணிகள் மூன்று. முதலாவது, மதிப்புரைகளில் யார் பெயர் பெறுகிறார்கள், எந்த வேலைக்குப் பெயர் கிடைப்பதில்லை என்பதைத் தொழில்வகை, பால், சாதி ஆகியவற்றோடு இணைத்துப் பார்ப்பது. இரண்டாவது, விருந்தினரிடம் கொடுக்கும் அதே வினாநிரலுக்கு இணையாகப் பணியாளருக்கான வினாநிரலையும் உருவாக்கி, அதே விடுதியில் அதே வாரத்தில் இரண்டையும் சேகரிப்பது. விருந்தினர் நிறைவும் பணியாளர் களைப்பும் சேர்ந்தே உயர்கின்றனவா என்பதை அப்போதுதான் சொல்ல முடியும். மூன்றாவது, ஹோட்டல் மேலாண்மைப் படிப்பின் பகுதியான தொழிற்பயிற்சிக் காலத்தைத் தனியே ஆராய்வது. பயிற்சி எங்கே முடிகிறது, ஆள்பற்றாக்குறையை ஈடுசெய்யும் குறைந்த கூலி உழைப்பு எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு, அப்படிப்பைப் படிக்கும் மாணவர்களே முதன்மையான தகவலாளர்கள்; முதன்மையான ஆய்வாளர்களாகவும் ஆகலாம்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கருத்தரங்குகளுக்கு வரும் அறிஞர்களைத் தங்கவைக்க விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகையும் தொலைவும் மட்டுமே விசாரிக்கப்படுகின்றன. வேலைநேரம் எவ்வளவு, வார விடுப்பு உண்டா, வருங்கால வைப்புநிதி பிடிக்கப்படுகிறதா என்ற மூன்று கேள்விகளையும் ஒப்பந்தக் கடிதத்தில் சேர்ப்பது கடினமன்று. உழைப்பைப் பற்றிய அமர்வு நடக்கும் அரங்குக்குத் தேநீர் கொண்டுவருபவர் பன்னிரண்டாவது மணிநேரமாக நின்றுகொண்டிருக்கலாகாது.

மதிப்புரை எழுதுவோரும் சிறிய அளவில் முறையை மாற்றலாம். குறை நிறுவனத்தினுடையது என்றால் நிறுவனத்தின் மீதே எழுதலாம். ஊழியரின் பெயரை அதில் இழுக்காதிருக்கலாம். பாராட்டும்போது புன்னகையை மட்டும் எழுதாமல் செய்த வேலையை எழுதலாம்: மூன்று மாடி பெட்டி சுமந்ததை, நள்ளிரவில் மருந்து வாங்கிவந்ததை, அறை ஒவ்வொரு நாளும் பழுதின்றித் துலங்கியதை. முடிந்தால், காணாத கைகளையும் ஒரு வரியில் குறிப்பிடலாம். புன்னகையைப் பாராட்டினால் அடுத்தவரும் புன்னகையையே கேட்பார். வேலையை எழுதினால், அதற்கு என்ன கூலி என்ற கேள்வி படிப்பவர் மனத்தில் எழ இடமிருக்கிறது.